போர் காணாத கோட்டை

குரீக் கோட்டை வட வேல்ஸில், அபர்கெலே என்ற சிற்றூருக்கு மேற்கே, ஐரிஷ் கடலைப் பார்த்த மலைச்சரிவில் நிற்கிறது. செஸ்டரிலிருந்து ஹோலிஹெட் போகும் ரயில் கடலோரமாகவே ஓடுகிறது. வலப்பக்கம் அலை, இடப்பக்கம் மலை. ரில் நகரைத் தாண்டி, அபர்கெலே-பென்சார்ன் நிலையமும் பின்னால் போனதும், இடப்பக்கச் சன்னலில் அடர்ந்த மரங்களுக்கு நடுவே சாம்பல் நிறக் கோபுரங்கள் தலைகாட்டுகின்றன. ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினால் ரயிலின் வேகத்தில் கணக்கு தப்பிவிடும். மொத்தம் 18 கோபுரங்கள். அவற்றை இணைக்கும் மதிலின் நீளம் ஏறத்தாழ அரை கிலோமீட்டர். முதல்முறை பார்க்கிறவர் ஏதோ ஓர் இடைக்கால மன்னன் எழுப்பிய எல்லைக் காவல் என்றே நினைப்பார். அப்படி நினைக்க வேண்டும் என்பதற்காகத்தான் அது கட்டப்பட்டது. அடிக்கல் நாட்டிய ஆண்டு 1819. நெப்போலியன் வாட்டர்லூவில் தோற்று நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன; பிரிட்டனில் கோட்டை கட்டித் தற்காத்துக்கொள்ளும் தேவை யாருக்கும் இருக்கவில்லை.

இந்தக் கடற்கரையில் உண்மைக் கோட்டைகளுக்குப் பஞ்சமில்லை. கிழக்கே சில கிலோமீட்டரில் ரித்லான். அதை முதலாம் எட்வர்ட் 1277இல் தொடங்கினார். மேற்கே கான்வி, 1283இல் தொடங்கி நான்கே ஆண்டில் முடிந்த அதிசயம். வேல்ஸ் மக்களை அடக்கிவைக்க ஆங்கிலேய அரசன் எழுப்பிய அந்த மதில்களில் ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு வேலை உண்டு. குரீக் இந்த இரண்டுக்கும் இடையில், இரண்டையும்விட நீளமான முகத்தோடு, ஒரு வேலையும் இல்லாமல் நிற்கிறது. ஆனாலும் கடந்த இருநூறு ஆண்டுகளில் அதன் சுவர்களுக்குள் நடந்தவை, அந்த உண்மைக் கோட்டைகளில் அதே காலத்தில் நடந்தவற்றைவிடப் பல மடங்கு சுவையானவை.

கட்டியவர் லாய்ட் ஹெஸ்கெத் பாம்ஃபோர்ட்-ஹெஸ்கெத். 1788இல் பிறந்தவர். தந்தைவழி இங்கிலாந்துப் பணம்; தாய் ஃபிரான்சஸ் லாய்ட் வழியாக வந்தது இந்த வேல்ஸ் நிலம். லாய்ட்கள் தலைமுறை தலைமுறையாகக் குரீக்கில் இருந்த குடும்பம். அவர்களுடைய பழைய வீடு கடலுக்கு அருகே இருந்தது. 1800இல் லிவர்பூலிலிருந்து வியாபாரத்தில் நொடித்துப்போன ஒரு குடும்பம் அந்த வீட்டுக்குக் குடிவந்தது. அந்த வீட்டுச் சிறுமி ஃபெலிசியா அங்கிருந்தபடியே கவிதை எழுதி, 1808இல், பதினைந்து வயது நிறையுமுன்பே, முதல் தொகுப்பை அச்சில் கண்டாள். பின்னாளில் ஃபெலிசியா ஹெமன்ஸ் என்ற பெயரில் புகழ்பெற்ற அவர் எழுதிய 'காசாபியாங்கா', எரியும் கப்பலில் தந்தையின் ஆணைக்காகக் காத்து நின்ற சிறுவனைப் பற்றியது. ஆங்கிலம் கற்பித்த பள்ளிகள் பலவற்றில் அது தலைமுறைகளாக மனப்பாடப் பகுதியாக இருந்தது.

தாயின் முன்னோர் நினைவாக ஒரு மாளிகை எழுப்ப வேண்டும் என்பது லாய்ட் ஹெஸ்கெத்தின் ஆசை. அந்த ஆசைக்குப் பின்னால் இன்னொன்றும் இருந்தது என்று சொன்னால் தவறில்லை. அன்றைய பிரிட்டனில் புதுப்பணம் பழம்பெருமையைத் தேடி அலைந்தது. தொழிலிலும் வாணிபத்திலும் சேர்த்த செல்வத்துக்கு எத்தனை தலைமுறை வயது என்று யாரும் கேட்டுவிடாமலிருக்க, ஞாயில் வைத்த மதிலும் அம்புத்துளையும் கோபுரமும் உதவின. ஹோரஸ் வால்போல் பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் லண்டனுக்கு அருகே ஸ்ட்ராபெரி ஹில்லில் விளையாட்டாகத் தொடங்கிவைத்த கோதிக் மோகம், அடுத்த நூற்றாண்டில் பிரபுக்களின் பொதுச் சீருடை ஆகிவிட்டது. குரீக் எழுந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், மேற்கே பேங்கர் நகரருகே பென்ரின் என்ற இன்னொரு போலிக் கோட்டை எழுந்தது. அதன் பணம் ஜமைக்காவின் கரும்புத் தோட்ட அடிமைகளிடமிருந்தும் வேல்ஸின் பலகைக்கல் சுரங்கத்திலிருந்தும் வந்தது.

லாய்ட் ஹெஸ்கெத் பணம் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றவர் இல்லை. வரைபடம் போடுவதில் அவருக்கே கை உண்டு. சார்லஸ் பஸ்பி என்ற கட்டடக் கலைஞரிடம் முதலில் வரைவு வாங்கினார். பிறகு தாமஸ் ரிக்மனை அழைத்தார். இருவரிடமிருந்தும் பிடித்ததை எடுத்துக்கொண்டு மீதியைத் தாமே தீர்மானித்தார். ரிக்மன் சாதாரண ஆள் இல்லை. 1817இல் அவர் வெளியிட்ட நூல்தான் இங்கிலாந்தின் தேவாலயக் கட்டடக் கலையைக் கால வரிசைப்படி பிரித்து, இன்றுவரை புழங்கும் பெயர்களைக் கொடுத்தது. பழைய தேவாலயங்களை அங்குலம் அங்குலமாக அளந்து, எந்த வளைவு எந்தக் காலத்தது என்று கண்டுபிடித்தவர். அப்படிப்பட்டவரின் அறிவு ஒரு போலியைத் துல்லியமாக்கப் பயன்பட்டது என்பதில் சிறு வேடிக்கை இருக்கிறது.

ரயில் நிலையத்தில் இறங்கி, ஊரைக் கடந்து, பழைய கடற்கரைச் சாலையோடு மேற்கே நடந்தால் கோட்டையின் வாயில்கள் ஒவ்வொன்றாக வருகின்றன. வாயில் என்றால் வெறும் கதவில்லை. ஒவ்வொன்றும் தனித்தனிக் குட்டிக் கோட்டை. அவற்றுள் ஒன்றின் சுவரில் கல்வெட்டுப் பலகைகள் பதித்திருக்கிறார்கள். மலைக்கும் கடலுக்கும் நடுவிலான இந்தக் கணவாய் வழியாக எந்தெந்தப் படைகள் போயின, யார் யாரைத் தோற்கடித்தார்கள் என்பதையெல்லாம் அவை சொல்கின்றன. 1399இல் இரண்டாம் ரிச்சர்ட் மன்னர் கான்வியிலிருந்து நயவஞ்சகமாக வெளியே அழைத்துவரப்பட்டு, வழியில் பிடிபட்டது இந்தக் கடலோர மலைகளில்தான். ஷேக்ஸ்பியர் நாடகமாக்கிய வீழ்ச்சியின் தொடக்கம் அது. பலகை சொல்வது வரலாறு. அந்த வரலாற்றுக்கும் பலகை பதித்த கட்டடத்துக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. நடந்த இடத்துக்கு அருகே நிலம் இருந்தது. நிலத்தில் சுவர் எழுந்தது. சுவரில் பலகை ஏறியது. பார்த்தவர்கள் மூன்றையும் சேர்த்துக்கொண்டார்கள்.

வாயிலைத் தாண்டியதும் பாதை காட்டுக்குள் ஏறுகிறது. இந்த மரங்களும் கட்டப்பட்டவையே என்று சொல்லலாம். அன்று சுண்ணாம்புக்கல் தெரிய மொட்டையாக இருந்த சரிவில் லாய்ட் ஹெஸ்கெத் பெருமளவில் மரம் நட்டார். கோட்டை காட்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்ப்பதுபோல் இருக்க வேண்டும் என்பது கணக்கு. மேலே ஏறி முகப்பை நெருங்க நெருங்கத்தான் சூட்சுமம் பிடிபடும். கீழிருந்து பார்த்தபோது ஒரே மாபெரும் அரண்போல் தெரிந்தது, கிட்டத்தில் பல துண்டுகளாகப் பிரிந்துபோகிறது. நடுவில் குடும்பம் வாழ்ந்த வீடு. இரண்டு பக்கமும் நீளும் மதிலின் பெரும்பகுதிக்குப் பின்னால் லாயமும் தோட்டமும் வேலையாட்களின் கொட்டகைகளும் மண்சரிவைத் தாங்கும் சுவரும்தான். சில கோபுரங்களுக்குள் ஆள் நுழையக்கூட வழியில்லை. மிக உயரமான ஹெஸ்கெத் கோபுரம் 93 அடி. அதன் வேலையும் தூரத்திலிருந்து தெரிவதே. கொட்டகைகளையும் சேர்த்து மொத்தம் 128 அறைகள் என்பது கணக்கு. அவற்றில் படுக்கையறைகள் 28.

சன்னல்களைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மேலே கூர்வளைவு, அதற்குள் பூவிதழ்போல் பின்னிய சட்டங்கள். தேவாலயத்தில் இவை கல்லில் செதுக்கியவையாக இருக்கும். ஒரு சன்னலுக்குக் கல்தச்சர் பல வாரம் உழைக்க வேண்டும். குரீக்கில் அவை வார்ப்பிரும்பு. லிவர்பூலில் ஜான் கிராக் என்ற ஆலை முதலாளி நடத்திய வார்ப்படச் சாலையில் ஓர் அச்சு செய்து, அதிலிருந்து எத்தனை வேண்டுமானாலும் ஊற்றி எடுத்துக்கொண்டார்கள். கிராக்கும் ரிக்மனும் சேர்ந்து 1813-14இல் லிவர்பூலின் எவர்ட்டனில் இரும்புச் சட்டங்களாலான ஒரு தேவாலயத்தையே கட்டியிருந்தார்கள். அந்தக் கைப்பழக்கம் இங்கே வந்தது. இடைக்கால வேடம் போட்ட இந்த வீட்டின் உறுப்புகளில் உண்மையிலேயே புதுமையானது இந்தச் சன்னல்தான். தொழிற்புரட்சியின் உலையில் பிறந்தது, கல்லின் வேடத்தில் சுவரேறியது. சாயம் உதிர்ந்து துரு கிளம்பும்போதுதான் அது இரும்பு என்பதே பலருக்குத் தெரிகிறது.

1825இல் லாய்ட் ஹெஸ்கெத், பீச்சம் பிரபுவின் மகள் எமிலியை மணந்தார். கோட்டை தன் முதல் வேலையைச் செய்துமுடித்தது என்று வைத்துக்கொள்ளலாம்: நிலவுடைமைக் குடும்பம் பிரபுக் குடும்பத்தோடு சம்பந்தம் செய்துகொண்டது. 1845இல் ஹென்றி கென்னடி என்ற கட்டடக் கலைஞர் விரிவாக்க வேலைகளைச் செய்தார். மூன்று ஆண்டு கழித்து, 1848இல், கோட்டைக்கும் கடலுக்கும் நடுவே ரயில் வந்தது. அதுவரை கடலில் போகும் கப்பலிலிருந்தும் சாலையில் போகும் வண்டியிலிருந்தும் மட்டுமே தெரிந்த கோட்டை, ஐரிஷ் கடலைக் கடக்கப் போகும் ரயில் பயணிகள் அனைவரின் கண்ணிலும் படத் தொடங்கியது. 1868 ஆகஸ்ட் 20 அன்று இதே தடத்தில், லான்திலஸ் பக்கமிருந்து தானாக உருண்டுவந்த சரக்குப் பெட்டிகள் ஐரிஷ் மெயில் விரைவு ரயிலோடு மோதின. சரக்கில் பாரஃபின் எண்ணெய் பீப்பாய்கள் இருந்தன. 33 பேர் எரிந்து இறந்தார்கள். அவர்களுடைய பொதுக் கல்லறை இன்றும் அபர்கெலே தேவாலய முற்றத்தில் இருக்கிறது. கோட்டைக்குப் போகிறவர்கள் வழியில் அதையும் பார்க்கலாம்.

லாய்ட் ஹெஸ்கெத் 1861இல் இறந்தார். மகன் ராபர்ட் 1894 வரை இருந்தார். ராபர்ட்டின் வாரிசாக நின்றவர் மகள் வினிஃப்ரெட். அவர் 1878இல் மணந்தது ஸ்காட்லாந்தின் டன்டொனால்ட் பிரபுக் குடும்பத்து இளைஞர் டக்ளஸ் காக்ரனை. பெயர்பெற்ற குடும்பம், டக்ளஸின் தாத்தா தாமஸ் காக்ரன் சிலியின் விடுதலைப் போரில் அந்நாட்டுக் கடற்படையை நடத்தியவர். டக்ளஸும் படைவீரரே. 1900இல் தென்னாப்பிரிக்காவில் முற்றுகையிடப்பட்டிருந்த லேடிஸ்மித் நகருக்குள் முதலில் நுழைந்தது அவருடைய குதிரைப்படை. கணவரின் பட்டத்தால் வினிஃப்ரெட் டன்டொனால்ட் சீமாட்டி ஆனார். ஆனால் நிலமும் பணமும் கோட்டையும் மனைவியுடையவை, இருவருக்கும் ஒத்துப்போகவில்லை.

குரீக்கின் கடைசிப் பெரிய கட்டட வேலை அந்தச் சீமாட்டியின் காலத்தது. டெட்மர் புளோ என்ற கலைஞரைக் கொண்டு உள்ளே பளிங்குப் படிக்கட்டு ஒன்றை அமைத்தார். 52 படிகள், நேராக மேலேறிச் செல்லும். கீழே நிற்பவர் தம்மைச் சிறியவராக உணர வேண்டும் என்று கணக்குப் போட்டு வைத்ததுபோன்ற அமைப்பு. கட்டி முடித்தபோது அப்படிப்பட்ட வீடுகளின் காலமே முடிந்துகொண்டிருந்தது. 1870களிலிருந்து அமெரிக்கத் தானியம் மலிவாக வந்து இறங்கியதில் பிரிட்டனின் விளைநிலக் குத்தகை சரிந்தது. 1894இல் வாரிசுச் சொத்துகளின் மேல் புதிய வரி வந்தது. மிகப் பெரிய சொத்துகளுக்கு அது தொடக்கத்தில் 8 சதவீதம், 1919இல் 40 சதவீதம். முதல் உலகப் போரில் மூத்த மகன் போய், அடுத்தவனும் போய், ஒரே குடும்பம் இரண்டு மூன்று முறை அந்த வரியைக் கட்டிய கதைகள் பல உண்டு. வேலையாட்கள் போர்முனைக்குப் போனார்கள். திரும்பிவந்தவர்கள் மறுபடி அடுக்களைக்கு வர விரும்பவில்லை.

சீமாட்டி 1924இல் இறந்தபோது உயில் எல்லாரையும் திகைக்கவைத்தது. கோட்டையைக் கணவருக்கு எழுதவில்லை. ஐந்தாம் ஜார்ஜ் மன்னருக்கும் வேல்ஸ் இளவரசருக்கும் எழுதியிருந்தார். அரண்மனை மறுத்துவிட்டது. இருக்கிற மாளிகைகளைப் பராமரிக்கவே செலவு போதவில்லை என்னும் காலத்தில் 128 அறைகளை யார் வாங்கிக்கொள்வார்? கோட்டை செயின்ட் ஜான் என்ற தொண்டு அமைப்பின் கைக்குப் போனது. 1928இல் டன்டொனால்ட் பிரபு 70,000 பவுண்டு கொடுத்து மனைவியின் வீட்டை விலைக்கு வாங்கினார். அந்தப் பணத்தைத் தேற்ற உள்ளே இருந்த மேசை நாற்காலி, படம், பாத்திரமெல்லாம் விற்பனைக்குப் போயின. வீட்டை மீட்க வீட்டிலிருந்ததை விற்றார். வாங்கியபின் அதில் அவர் குடியிருக்கவில்லை. 1935இல் அவர் இறந்தபோது அது வெற்றுக் கூடு.

குரீக்கின் வரலாற்றில் மிக முக்கியமான பக்கம் அதற்குப் பிறகுதான் வருகிறது. 1938 நவம்பரில் ஜெர்மனியெங்கும் யூதர்களின் வீடுகளும் தொழுகைக்கூடங்களும் தாக்கப்பட்டபின், பிரிட்டன் குழந்தைகளை மட்டும் பெற்றோரின்றி வர அனுமதித்தது. போர் மூளும்வரையிலான சுமார் ஒன்பது மாதத்தில் ஏறத்தாழ 10,000 குழந்தைகள் வந்துசேர்ந்தார்கள். அவர்களில் இருநூறு பேருக்குக் குரீக் ஒதுக்கப்பட்டது. பெரும்பாலோர் பதின்வயதினர், பாலஸ்தீனத்தில் விவசாயம் செய்து குடியேற வேண்டும் என்ற குறிக்கோளோடு இருந்த சமயப் பற்றுள்ள சியோனிய இளைஞர் அமைப்பைச் சேர்ந்தவர்கள். 1939இன் கோடை முடிவில் அவர்கள் வந்தபோது கோட்டையில் மின்சாரம் இல்லை. தண்ணீர்க் குழாய்கள் ஒழுங்காக இல்லை. நூற்றுக்கும் மேற்பட்ட அறைகளில் படுக்க ஒரு கட்டிலும் இல்லை. அந்தக் குளிர்காலமோ பிரிட்டன் பல பத்தாண்டுகளாகக் காணாத கடுங்குளிர்.

பிரபுக்கள் விருந்துண்ட கூடத்தில் ஜெர்மன் பேசும் பிள்ளைகள் எபிரேயம் படித்தார்கள். ஓர் அறை தொழுகைக்கூடமாயிற்று. பகலில் சுற்றியிருந்த வேல்ஸ் பண்ணைகளிலும் காட்டிலும் வேலைக்குப் போனார்கள். பண்ணைகளில் காதில் விழுந்ததோ வேல்ஸ் மொழி. சமைப்பது, துவைப்பது, பழுது பார்ப்பது, காசுக் கணக்கு எல்லாம் தாங்களே. நிர்வாகத்தைக் கவனித்தவர்களில் முதன்மையானவர் அரியே ஹாண்ட்லர். அப்போது இருபதுகளின் நடுவில் இருந்தவர். 1948இல் டெல் அவிவில் இஸ்ரேல் நாட்டின் பிரகடனம் வாசிக்கப்பட்ட கூடத்திலும் அவர் இருந்தார். 1941இல் குரீக் முகாம் மூடப்பட்டு, பிள்ளைகள் வெவ்வேறு ஊர்களுக்குப் பிரிந்துபோனார்கள். அவர்களில் பலர் தம் பெற்றோரைப் பிறகு பார்க்கவே இல்லை. எதிரியைத் தடுக்கும் பாவனையில் கட்டிய சுவர்கள், எதிரியிடமிருந்து தப்பியவர்களுக்கு இரண்டு ஆண்டுகள் உண்மையாகவே அரணாக இருந்தன. ஹெஸ்கெத் குடும்பத்தின் நூறாண்டுப் பகட்டைவிட இந்த இரண்டு ஆண்டுகளே அந்தக் கட்டடத்துக்கு மதிப்பைச் சேர்த்தன என்பது மிகை இல்லை.

போருக்குப் பின் கோட்டை விற்பனைக்கு வந்தது. 1948இல் வாங்கிய லெஸ்லி சால்ட்ஸ் என்ற தொழில்முனைவர், இருபது ஆண்டுகள் அதைக் காட்சிக்கூடமாக நடத்தினார். கடற்கரை ஊர்களுக்கு விடுமுறைக்கு வரும் லங்காஷயர் ஆலைத் தொழிலாளிகளும் குடும்பங்களும் நுழைவுச்சீட்டு வாங்கி, பிரபுக்களின் படிக்கட்டில் ஏறி இறங்கினார்கள். குத்துச்சண்டை வீரர் ராண்டால்ஃப் டர்ப்பின் இங்கே பயிற்சி எடுத்தார். 1951 ஜூலை 10 அன்று லண்டனில் அமெரிக்கர் சுகர் ரே ராபின்சனை வென்று அவர் நடு எடை உலகப் பட்டத்தைப் பிடித்தபோது வட வேல்ஸும் சேர்ந்து கொண்டாடியது. 64 நாள் கழித்து நியூயார்க்கில் பட்டம் கைமாறிவிட்டது. அறுபதுகளில் மோட்டார் சைக்கிள்காரர்கள் குளிர்காலத்தில் கூடும் 'டிராகன் ராலி' இங்கே நடந்தது. அதன்பின் வந்த உரிமையாளர்கள் குதிரைமேல் ஈட்டிச் சண்டை, இடைக்கால விருந்து என்று நடத்தினார்கள். போலிக் கோட்டைக்குள் போலி வீரர்கள். கட்டியவர் பார்த்திருந்தால் மகிழ்ந்திருக்கவும் கூடும். 1985இல் கதவு மூடப்பட்டது.

நான்கு ஆண்டு கழித்து ஓர் அமெரிக்கத் தொழிலதிபர் 7,50,000 பவுண்டுக்கு வாங்கினார். ஓபரா அரங்கமும் சொகுசு ஹோட்டலும் வரும் என்று பேச்சு. எதுவும் வரவில்லை. காவலும் இல்லாமல் போனதால் அடுத்த சில ஆண்டுகளில் நடந்தது சூறை.

ஒரு மாளிகை எப்படிச் சாகிறது என்பதை இங்கே கொஞ்சம் விளக்கலாம். கோட்டை வேடம் போட்ட வீடுகளில் சாய்கூரை வெளியே தெரியக் கூடாது. தெரிந்தால் வேடம் கலைந்துவிடும். அதனால் கூரையை ஞாயில் வைத்த கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் ஒளித்து, சுவருக்கும் கூரைக்கும் நடுவே ஈயத்தகடு பதித்த வடிகால் ஓடவிடுவார்கள். ஆண்டுதோறும் இலை தழையை அள்ளிச் சுத்தம் செய்தால் அது நூறாண்டு உழைக்கும். ஓர் ஆள் ஏறிப் பார்க்காமல் விட்டால் இலை அடைத்து, தண்ணீர் தேங்கி, சுவருக்குள் இறங்கும். ஈயத்துக்குப் பழைய இரும்புக் கடையில் நல்ல விலை. திருடர்கள் முதலில் உரிப்பது அதைத்தான். தகடு போன இடத்தில் மழை நேரே உத்தரத்தின் தலையில் இறங்குகிறது. ஈரம் பட்ட மரத்தில் பூஞ்சணம். அது செங்கலையும் கடந்து அடுத்த அறையின் மரத்தைத் தேடிப் போகும். முதலில் மேல்தளத்துக் காரை விழும். பிறகு தளமே விழும். அதன் பாரத்தில் கீழ்த்தளமும். இத்தனை நடந்தாலும் வெளிச்சுவர் அப்படியே நிற்கும். ரயிலில் போகிறவர்களுக்குக் கோட்டை பழையபடி கம்பீரமாகத்தான் தெரியும்.

குரீக்கில் நடந்தது இதுவே. கணப்புகள், கதவுகள், மரப்பலகைகள் பெயர்த்துக் கொண்டுபோகப்பட்டன. கூரைகள் சரிந்தன. 52 படிகளும் வானம் பார்த்து நின்றன. படிகளில் செடி முளைத்தது. சட்டப்படி அது முதல் தரப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள கட்டடம். பட்டியல் இடிக்காதே என்று தடுக்கும். பழுது பார்க்க வைக்க அதற்கு வலு குறைவு. தொண்ணூறுகளில் 'பிரின்ஸ் வேலியன்ட்' என்ற திரைப்படக் குழு வந்து இந்தச் சிதைவையே பின்னணியாக வைத்துப் படம் எடுத்துக்கொண்டு போனது.

மீட்பு தொடங்கியது ஒரு பள்ளிச் சிறுவனிடம். மார்க் பேக்கர் பள்ளிக்குப் போகும் வழியில் இந்தச் சிதைவைத் தினமும் பார்த்தவர். 1997இல், பன்னிரண்டு வயதில், அதைக் காப்பாற்ற வேண்டும் என்று இயக்கம் தொடங்கினார். பதின்வயதிலேயே அதன் வரலாற்றைப் புத்தகமாகவும் எழுதினார். பின்னர் கட்டடக்கலை வரலாற்றாய்வாளர் ஆனார். அவர் தொடங்கிய பாதுகாப்பு அறக்கட்டளை உரிமையாளர்களையும் உள்ளூராட்சியையும் விடாமல் நெருக்கியது. இடையில் கோட்டை மறுபடி கைமாறியது. ஐந்து நட்சத்திர ஹோட்டல் கட்டுவதாகச் சொன்ன ஒரு நிறுவனம் வாங்கி, திவாலாகிப் போனது, இன்னொன்று வந்தது. 2018 ஜூனில், மானிய உதவியோடு, அறக்கட்டளையே கோட்டையை விலைக்கு வாங்கியது. இயக்கம் தொடங்கி அப்போது 21 ஆண்டு.

உரிமை வந்ததும் பணம் வந்துவிடவில்லை. தொண்டர்கள் புதர் வெட்டினார்கள், இடிபாட்டை அள்ளினார்கள், நுழைவுச்சீட்டுக் காசில் வேலை நடந்தது. பெரிய திருப்பம் கொரோனாவால் வந்தது. ஆஸ்திரேலியக் காட்டில் பிரபலங்களை அடைத்துவைத்து வேடிக்கை காட்டும் பிரிட்டிஷ் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்று, 2020இல் அங்கே போக வழியில்லாமல் குரீக்குக்கு வந்தது. அடுத்த ஆண்டும் வந்தது. வெப்பக் காட்டுக்குப் பதில் ஈரமும் குளிரும் சிதைந்த சுவர்களும். நிகழ்ச்சியின் தரத்தைப் பற்றி இங்கே பேச வேண்டாம். அதன் வருமானம் சீரமைப்புக்கு உதவியது, பிரிட்டன் முழுதும் கோட்டையின் பெயர் தெரிந்தது. 2021 நவம்பரில் அடித்த ஆர்வென் புயல் படப்பிடிப்பையும் நிறுத்தி, கட்டடத்தையும் சேதப்படுத்திவிட்டுப் போனது.

உடன்பிறப்புபோல் எழுந்த பென்ரினோடு ஒப்பிட்டால் குரீக்கின் விதி இன்னும் தெளிவாகும். பென்ரின் 1951இல் வாரிசு வரிக்கு ஈடாக அரசுக்குத் தரப்பட்டு, தேசிய அறக்கட்டளையின் கைக்கு வந்தது. கம்பளமும் கட்டிலும் கணப்பும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. ஆனால் ஒரு குடும்பம் தன்னைப் பற்றிச் சொல்ல விரும்பிய கதைக்குள் வருகிறவர் நடந்து வெளியேறுகிறார்; அடிமைகளின் கதையும் சுரங்கத் தொழிலாளர்களின் கதையும் விளக்கப் பலகைகளாகப் பின்னால் சேர்க்கப்பட்டவை. குரீக்கில் அந்தக் குடும்பக் கதையைச் சொல்லப் பொருட்கள் எதுவும் மிஞ்சவில்லை. செங்கல் முதுகைக் காட்டும் சுவர், உத்தரம் செருகிய குழிகள், அந்தரத்தில் தொங்கும் மேல்மாடிக் கணப்பு வாய், வளைவுக்கு மேலே பூசிய காரையின் தடம் எல்லாம் வெளியே தெரிகின்றன. போலிக் கோட்டை ஒன்று எப்படிக் கட்டப்பட்டது என்பதைக் கண்ணால் பார்த்துக் கற்க பிரிட்டனில் இதைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது.

2024இல் பிரிட்டனின் தேசிய மரபுச்சின்ன நினைவு நிதி, கோட்டையின் முதன்மைக் கட்டடத்துக்கு மறுபடி கூரை போட 22 லட்சம் பவுண்டு ஒதுக்கியது. பார்க்க விரும்புகிறவர்கள் அபர்கெலே-பென்சார்ன் நிலையத்தில் இறங்கி நடந்தே போகலாம். பாதை ஏற்றம், மழையில் வழுக்கும், கால் பிடிக்கும் காலணி தேவை. சாரம் கட்டி வேலை நடக்கும் நாட்களில் சில பகுதிகள் மூடப்பட்டிருக்கும். திறக்கும் நாட்களை முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.